மஞ்சள் அட்டை எங்கே போனது?

“வண்டிங்களுக்குன்னு ஒரு சுடுகாடு இருந்தா, அது இதுதான் டீச்சர்” என்றான் ரேடியோ.

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் யார் நிற்கிறார் என்பது அவனுக்கு உறைத்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? நாற்பத்திரண்டு வயதாகியும் இந்த ஒரு பழமொழி மட்டும் அவன் மண்டையில் ஏறவே இல்லை.

பின்னால் நின்றவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போட்டு வைக்கும் அந்தத் தகரக் கொட்டகையின் மூன்றாவது வரிசையில், முன்சக்கரம் மடங்கிக் கிடந்த கறுப்பு மோட்டார் சைக்கிள் அவருடைய மகனுடையது. மகன் போய் இன்றோடு ஒன்பது நாள்.

“பரவால்ல தம்பி” என்றார் லிஃப்ட்காரர். “உண்மையைத்தானே சொன்னீங்க.”

திட்டியிருந்தால்கூட ரேடியோவுக்குத் தேவலாம் போலிருந்தது. இப்படிப்பட்ட மனுஷனிடம் போயா வாயை விட்டோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ரேடியோ என்ற பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் ஒலிபரப்புதான். டீச்சருக்கு அந்தப் பெயர் வந்ததில்தான் நியாயமே இல்லை. அந்த அம்மாள் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்குக்கூடப் பாடம் நடத்தியதில்லை. இருபத்தாறு வருஷம் பரீட்சை ஹால்களில் மேலும் கீழும் நடந்து, பிட் அடிப்பவர்களைப் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பிடிக்கிற புத்தி விடவில்லை. அதனால்தான் இந்தத் துப்பறியும் தொழில், அதற்கு ரேடியோ உதவியாள்.

கேஸ் ஒரு சாண் அகலமுள்ள மஞ்சள் அட்டையைப் பற்றியது. மோட்டார் சைக்கிள் ஓட்டப் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் ஒரு வருஷத்துக்கு நம்பர் பிளேட்டுக்குக் கீழே அந்த அட்டையை மாட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதைப் பார்த்தால் பின்னால் வரும் வண்டிக்காரன் தள்ளிப் போக வேண்டும். தள்ளாமல் ஒட்டி முந்தினால் குற்றம் முந்தியவன் மேல். ஆனால் புதியவன் அட்டை இல்லாமல் ஓட்டினானோ, என்ன நடந்தாலும் பழி அவன் தலையில். லிஃப்ட்காரரின் மகனுக்குப் பதினோரு மாசம் முடிந்து ஒரே ஒரு மாசம்தான் பாக்கி. போன வாரம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பினான். ஒரு பால் வேன் அவனை ஒட்டி முந்தியது. தடுமாறி விழுந்தான். வண்டியில் அட்டை இல்லை.

‘அட்டை இருந்திருந்தால் நான் தள்ளித்தான் போயிருப்பேன்’ என்று வேன்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். இன்று மதியம் மூணு மணிக்கு விசாரணை. மூணரைக்கெல்லாம் ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று முத்திரை குத்தி ஃபைலை மூடிவிடுவார்கள். இப்போது மணி பத்து.

டீச்சர் வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமை நடந்ததை இன்னொரு தடவை சொல்லுங்க. அவசரப்படாம.”

“என் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது” என்று தொடங்கினார் லிஃப்ட்காரர். ஒன்பது நாளாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, வார்த்தைகள் வரிசை மாறாமல் வந்தன. “சாயங்காலம் ஒரு கட்டடத்துல லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு போன். பையன் வண்டியை எடுத்தேன். பழைய லைசென்ஸ்காரன் ஓட்டினா அட்டை இருக்கக் கூடாது, அதுவும் சட்டம்தான். கழட்டி டூல்ஸ் பையில போட்டுக்கிட்டேன். திரும்பி வந்து கேட்டுக்குள்ள நுழையும்போது மறுபடியும் போன். அதே லிஃப்ட், கதவு மூடலையாம். வண்டியை அங்கேயே நிறுத்திட்டு, பையோட மாடிக்குப் போய், அரை மணி நேரம் போன்லயே சொல்லிக் குடுத்தேன். அப்புறம் கீழ இறங்கி வந்து அட்டையை மாட்டினேன்.”

“வண்டி அப்போ கேட்டுலயா நின்னுச்சு?”

“இல்ல, நான் போன்ல இருக்கும்போது பையன் தள்ளிட்டுப் போய் விட்டுட்டான். பார்க்கிங்ல எங்க இடம் பதினாலு. அங்க நின்னுச்சு. ரெண்டு போல்ட். ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். மேல போய் ‘மாட்டிட்டேன்டா’ன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் சாப்பிடவே உட்கார்ந்தேன்.”

“காலையில அவன் பின்னால போய்ப் பார்த்திருப்பானா?”

“நான் மாட்டிட்டேன்னு சொன்னா அவன் எதுக்குங்க பார்க்கணும்?” அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “நான் இறுக்கின எதையும் இதுவரைக்கும் யாரும் திரும்பப் பார்த்ததில்லை.”

“வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?”

“திட்டுறா.”

“உங்களையா?”

“அவனை. போட்டோவைப் பார்த்துத் திட்டுறா. ‘அசிங்கமா இருக்குன்னு கழட்டி எறிஞ்சிட்டியேடா பாவி’ன்னு. எப்பவோ ஒரு தடவை அவன் அப்படி முணுமுணுத்திருக்கான், கூட வேலை பார்க்கிறவங்க கிண்டல் பண்றாங்கன்னு. அதையே பிடிச்சுக்கிட்டா. ஒன்பது நாளா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. கோபம் அழுகையை வர விட மாட்டேங்குது. அவன் கழட்டலைன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டுப் போயிட்டா அழுதுடுவா. எனக்கு அது போதும்.”

ரேடியோ வேறு பக்கம் திரும்பினான். அவனுக்கு அம்மா இல்லை. இருந்த காலத்தில் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறான்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரேடியோவின் சந்தேகப் பட்டியலில் முதல் பெயர் வேன்காரர், இரண்டாவது இந்தக் கிழவர்தான்.

“பெரியவரே, வண்டி வரும்போது அட்டை இருந்துச்சா?”

“எழுதியிருக்கேன் பாரு. ஹெல்மெட் ஒண்ணு. செருப்பு ஒத்தை. டிபன் பாக்ஸ் ஒண்ணு, சாப்பாட்டோட. அட்டை இல்லை.”

“யாராவது வந்து கழட்டிட்டுப் போயிருந்தா?”

“யாரு வருவா? நான் ஒருத்தன்தான் இங்க. ஒரு நட்டு எடுத்திருந்தாலும் என் கை அழுகிப் போகட்டும்!”

“இவ்வளவு கோபம் வந்தா சந்தேகம் வருமா வராதா?”

“உனக்கு வாய் இருக்கு, அதனால சந்தேகம் வருது” என்றார் கிழவர். ரேடியோவை ஒரே வரியில் உட்கார வைத்தவர்கள் ஊரில் மிகச் சிலரே.

டீச்சர் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினார். அட்டையை மாட்டும் இரண்டு ஓட்டைகளும் சேறு அடைத்துக் கிடந்தன. ஊசியால் அதை மெதுவாகக் குத்திப் பார்த்தார். பிறகு ஓட்டையைச் சுற்றியிருந்த தகரத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். சிவப்பாக, தேய்ந்த கோடுகள் தெரிந்தன.

“இது என்னங்க சிவப்பு?”

“அது என் பழக்கம்” என்றார் லிஃப்ட்காரர். “லிஃப்ட் வேலையில ஒரு நட்டை இறுக்கினா அது மேலயும் பக்கத்துத் தகரத்து மேலயும் சேர்த்து ஒரு கோடு இழுப்போம். இறுக்கியாச்சுங்கிறதுக்கு அடையாளம். நட்டு தளர்ந்தா கோடு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துடும். அட்டைக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போடுவேன்.”

“ஞாயித்துக்கிழமையும் போட்டீங்களா?”

“போடாம எப்படி? ஆனா அன்னைக்கு சிவப்பு இல்ல, ஆரஞ்சு. வெள்ளிக்கிழமை பழைய பெயின்ட் பேனா காலி. கடையில சிவப்பு இல்லைன்னு ஆரஞ்சு குடுத்தான்.”

டீச்சர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் ரேடியோவுக்குப் பயமாக இருந்தது. பிட் எங்கே ஒளித்திருக்கிறது என்பது தெரிந்துவிட்டால் அந்த அம்மாளின் முகம் இப்படித்தான் வெறும் சுவராகிவிடும்.

“நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு விசாரணைக்கு ரெடியாகுங்க” என்றார் லிஃப்ட்காரரிடம். “நாங்க ரெண்டு மணிக்குள்ள வந்துடறோம்.”

அவர் போகும்வரை ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தான். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டான்.

“வேன்காரன்தானே டீச்சர்? இடிச்சுட்டு இறங்கி வந்து, அட்டையைக் கழட்டி வேன்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். சரியா?”

“தப்பு. பூஜ்யம் மார்க்.”

“ஒரு மார்க்காவது குடுங்க, பேர் எழுதினதுக்கு.”

“ஓட்டையில சேறு எப்படி இருந்துச்சு பார்த்தியா? டயர் பக்கத்துலேர்ந்து ஏறி, வெளிப்பக்கமாப் பிதுங்கியிருக்கு. சக்கரம் சுத்தும்போதுதான் அப்படி ஏறும். ராத்திரி மழை, காலையில ரோடு ஈரம். அவன் ஓட்டிட்டுப் போகும்போதே ஓட்டையில போல்ட் இல்லை ரேடியோ.”

ரேடியோவின் வேன்காரர் தப்பினார். கொட்டகைக் கிழவரும் தப்பினார். மிச்சம் இருப்பது ஒரே ஒருவன்தான்.

“அப்போ பையனே கழட்டிட்டானா? அந்த அம்மா திட்டுறது சரியா?”

“அப்படின்னா ஞாயித்துக்கிழமை போட்ட ஆரஞ்சுக் கோட்டுல பாதி தகரத்துல இருக்கணுமே. நட்டைக் கழட்டலாம், தகரத்துல இருக்கிற பெயின்ட் எங்க போகும்? பழைய சிவப்பெல்லாம் இருக்கு. ஆரஞ்சு ஒரு புள்ளிகூட இல்லை.”

“அப்போ அவர் மாட்டவே இல்லையா? நம்மகிட்டயே பொய்யா?”

“அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா வீட்டுல என்னைக்கோ ஒரு பொய்யைச் சொல்லிப் பொண்டாட்டியை அழ வெச்சிருப்பார்.” டீச்சர் குடையை விரித்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. “அவர் இறுக்கினது நிஜம். கோடு போட்டதும் நிஜம். ஆனா இந்த வண்டியில இல்லை. அப்போ எதுல இறுக்கினார்?”

ரேடியோ ஓடிப் போய் ஆட்டோ பிடித்தான்.

லிஃப்ட்காரர் குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். தரைக்குக் கீழே பார்க்கிங். பட்டப்பகலிலும் அங்கே ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சம்தான். தூண்களில் நம்பர் எழுதியிருந்தது. பதினாலு காலி. பதினஞ்சும் காலி, அங்கே மட்டும் மேலே ஓடிய குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து, கீழே வைத்த வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“பதினஞ்சு யாருது?” என்றார் டீச்சர்.

பதில் சரிவில் இறங்கி வந்தது. கறுப்பு மோட்டார் சைக்கிள். கொட்டகையில் பார்த்த அதே கம்பெனி, அதே மாடல், அதே டேங்க். ரேடியோவுக்கு ஒரு நிமிஷம் செத்த வண்டி எழுந்து வந்துவிட்டது போலத் தூக்கிவாரிப் போட்டது. ஓட்டி வந்தவர் ஐம்பது வயதுக்காரர், முழங்கை வரை மாவு. வாளியைப் பார்த்து அலுத்துக்கொண்டே வண்டியைப் பதினஞ்சின் ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.

“யாரைப் பார்க்கணும்?”

“லிஃப்ட்காரரைப் பார்க்க வந்தோம்.”

“ஐயோ, பாவம்ங்க அவர். அந்தப் பையன் என்னை மாமா மாமான்னுதான் கூப்பிடுவான். நான் பக்கத்து வீடு, பேக்கரியில வேலை. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே கடையில வண்டி எடுத்தோம். நான்தான் இந்த மாடலை எடுடான்னு சொன்னேன்.”

ரேடியோ சும்மா நடப்பது போல வண்டியின் பின்பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான். நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஒரு சாண் மஞ்சள் அட்டை. இரண்டு போல்ட். இரண்டின் மேலும் பக்கத்துத் தகரத்தையும் சேர்த்து இழுத்த ஆரஞ்சுக் கோடு.

அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவன் முகத்திலேயே படித்துக்கொண்டார்.

“உங்களுக்கு லைசென்ஸ் கிடைச்சு எவ்வளவு நாளாச்சு?” என்று பேக்கரிக்காரரிடம் கேட்டார்.

“நல்லாக் கேட்டீங்க!” அவர் சிரித்துவிட்டார். “முப்பது வருஷம் ஆச்சும்மா. இந்த ஒரு வாரமா ஆளாளுக்கு இதையேதான் கேக்குறாங்க. பேக்கரியில பசங்க ‘என்ன மாமா, இப்பத்தான் ஓட்டக் கத்துக்கிறீங்களா’ன்னு இளிக்கிறானுங்க. வயசாயிடுச்சுன்னு கிண்டல் பண்றானுங்கன்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு. ரோட்டுல ஜனங்க திருந்திட்டாங்கம்மா. லாரிக்காரன்கூட ஒதுங்கிப் போறான். நேத்து ஒரு பால் வேன், எனக்கு அவ்வளவு இடம் விட்டுப் போகுது. முப்பது வருஷத்துல இந்த மரியாதையை நான் பார்த்ததே இல்லை.”

ரேடியோ மஞ்சள் அட்டையை மறுபடி பார்த்தான். போயும் போயும் ஒரு பால் வேனா!

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வண்டியை எங்க விட்டீங்க?” டீச்சரின் குரல் தணிந்திருந்தது.

“ஞாயித்துக்கிழமையா... இந்தக் குழாய் அன்னைக்குத்தான் ஒழுக ஆரம்பிச்சுது. பதினாலு காலியா இருந்துச்சு. அண்ணன் எங்கயோ வெளிய போயிருந்தார் போல. சரி, ஒரு ராத்திரிதானேன்னு அதுல விட்டேன். படியேறும்போது பையன் தன் வண்டியைத் தள்ளிட்டு வந்தான். ‘எடுத்துடறேன்டா’ன்னேன். ‘வேணாம் மாமா, நீங்க விடியறதுக்குள்ள கிளம்பணும், நனைஞ்ச சீட்டுல எப்படி உட்காருவீங்க, என் வண்டி நனையட்டும்’னு பதினஞ்சுல விட்டுட்டுப் போனான். நல்ல பையன்ங்க. ஏன் கேக்குறீங்க?”

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது. திருடனும் இல்லை, சதியும் இல்லை. அப்பாவின் கை பத்து மாசப் பழக்கத்தில் நேராகப் பதினாலுக்குப் போயிருக்கிறது. நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சொந்த வண்டியின் நம்பரை யார் படித்துக்கொண்டிருப்பார்கள்? மாட்டி, இறுக்கி, கோடும் போட்டு, மேலே போய் ‘மாட்டிட்டேன்டா’ என்று சொல்லியும் விட்டார். மகனும் நம்பிவிட்டான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“டீச்சர்” என்றான் ரேடியோ, குரலை விழுங்கிக்கொண்டு. “அவர்கிட்ட சொல்லாதீங்க. கிடைக்கலைன்னு சொல்லிடுவோம். எனக்கு உங்ககிட்ட வேற எதுவும் வேணாம், இது ஒண்ணு மட்டும் செய்யுங்க.”

பதிலுக்கு ரேடியோ காத்திருக்கவில்லை. வண்டியின் பின்னால் போய், அட்டையை மறைத்துக்கொண்டு கைகளைக் கட்டி நின்றான். அவ்வளவு பெரிய தொப்பை வாழ்க்கையில் முதல் தடவையாக உபயோகப்படப் போகிறது என்று நினைத்தான்.

லிஃப்ட்காரர் வெள்ளைச் சட்டையில், தோளில் வழக்கமான டூல்ஸ் பையோடு வந்தார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

“அண்ணே, வாங்க வாங்க! சட்டை பிரமாதமா இருக்கு! வெளிய நிப்போமா, இங்க ஒரே புழுக்கம். டீச்சருக்கு வேற மூச்சு முட்டுதாம்...” ரேடியோ பேசினான், பேசினான். தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

லிஃப்ட்காரர் அவனைப் பார்த்தார். பேக்கரிக்காரரைப் பார்த்தார். காலியாகக் கிடந்த பதினாலையும் பதினஞ்சில் வழிந்த வாளியையும் பார்த்தார். முப்பது வருஷம் பழுது எங்கே என்று பார்த்தே வாழ்ந்த கண்கள்.

“தம்பி, கொஞ்சம் நகருங்க.”

“ஒண்ணும் இல்லைண்ணே இங்க.”

“நகருங்க தம்பி.”

ரேடியோ நகர்ந்தான். நகராமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு பல நாள் யோசித்தான்.

லிஃப்ட்காரர் குனிந்து, ஆரஞ்சுக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். நட்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை.

“இது என் கை” என்றார்.

பேக்கரிக்காரர் அப்போதுதான் சுற்றி வந்து தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அண்ணே... சாவுக்கு நான் இந்த வண்டியிலதானே வந்தேன். பையன் பின்னாலயே வந்தேனே அண்ணே...”

“நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார் லிஃப்ட்காரர். “நீங்க பத்திரமா இருந்தீங்க. அட்டை வேலை செஞ்சிருக்கு.”

வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அழுவார், விழுவார் என்று ரேடியோ பிடிக்கத் தயாராக நின்றான். அவரோ டூல்ஸ் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, நிதானமாக இரண்டு போல்ட்டையும் கழற்றி, அட்டையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் ரேடியோவுக்குத் தாங்கவில்லை.

“அவன் கழட்டலைங்க” என்றார் டீச்சரிடம். “பார்த்தீங்களா? அவன் கழட்டலை. நான்தான். இதைப் போய்ச் சொல்லிட்டா முடிஞ்சுது. அவ அழுதுடுவா.”

“விதியில இன்னொரு வரி இருக்கு” என்றார் டீச்சர். “அதைப் பத்தி உங்ககிட்ட...”

அவர் அதற்குள் சரிவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ரேடியோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார். அவர் மின்விசிறியை லிஃப்ட்காரர் பக்கம் திருப்பி வைத்தார். சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். சேறு, சிவப்பு, ஆரஞ்சு என்று டீச்சர் விளக்கியதைக் கேட்டு, “ரொம்ப அழகாக் கண்டுபிடிச்சிருக்கீங்கம்மா” என்றார், மனசாரத்தான்.

பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், அட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஓட்டுபவரின் பொறுப்பு” என்று படித்தார். “யார் கழட்டினாங்க, யார் மாட்டினாங்கங்கிற பேச்சே இதுல இல்லை ஐயா. காலையில அவர் பார்த்திருக்கணும். பார்க்கலை.”

“நான் மாட்டிட்டேன்னு சொன்னேங்க. என்னை நம்பித்தான் அவன் பார்க்கலை.”

“புரியுது.”

“அப்போ தப்பு என்னுது.”

அதிகாரி இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார். “முழு லைசென்ஸ் வெச்சிருக்கிறவர் ஓட்டும்போது அட்டையைக் கழட்டணும். நீங்க கழட்டியிருக்கீங்க. திரும்ப மாட்ட வேண்டியது உங்க கடமைன்னு எங்கயும் சொல்லலை. சட்டப்படி நீங்க செஞ்சது எல்லாம் சரிங்க.” கொஞ்சம் தயங்கினார். “ஒன்பது நாள் தகுதி இல்லாம அட்டை மாட்டி ஓட்டினதுக்கு அந்த பேக்கரிக்காரருக்கு வேணும்னா ஒரு எச்சரிக்கை அனுப்பலாம்.”

“எனக்கு அது வேணாம். அவன் கழட்டலைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இல்ல, என் மேல தப்புன்னு எழுதிக் குடுங்க. ஒரே வரி.”

“இந்தப் படிவத்துல அதுக்கு இடமே இல்லீங்களே” என்றார் அதிகாரி. திருப்பிக் காட்டினார். ஓட்டுநர், எதிர் வண்டி, சாலை, வானிலை. நாலே கட்டம்.

“நாங்க வந்து அம்மாகிட்ட சொல்றோம்ணே” என்றான் ரேடியோ. “அட்டையைக் காட்டிச் சொல்றோம்.”

“நீங்க நான் கூட்டிட்டு வந்த ஆளுங்க தம்பி. பிள்ளை பேரைக் காப்பாத்த நான்தான் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நினைப்பா. அவளை எனக்குத் தெரியாதா? கவர்மெண்ட் தாள்ல இருந்தாத்தான் நம்புவா.”

முத்திரை விழுந்தது. நகல் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்கள். அட்டையைச் சாட்சிப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். வாசலில் அடுத்த கேஸுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

படியிறங்கும்போதே லிஃப்ட்காரரின் போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைத்தார். அந்த அம்மாவின் குரல் பக்கத்தில் நின்ற ரேடியோவுக்கும் தெளிவாகக் கேட்டது.

“என்னங்க, தாள் குடுத்துட்டாங்களா? என்ன போட்டிருக்கு? படிங்க.”

அவர் தாளை விரித்தார். படிக்காமல் மடித்தார். மறுபடி விரித்தார்.

“படிங்கன்னா!”

“ஓட்டுநரின் கவனக்குறைவு” என்று படித்தார் லிஃப்ட்காரர்.

“நான் சொன்னேனா இல்லையா?” குரல் உயர்ந்தது. “நான் சொன்னேனா? அந்த அட்டையைக் கழட்டித் தூக்கிப் போட்டிருக்கான். பெத்தவ பேச்சை ஒரு நாளாவது கேட்டானா அவன்...”

“இல்லம்மா. நான் சொல்றதைக் கேளு. அவன் கழட்டலை, நான்தான்...”

“நீங்க சும்மா இருங்க!” என்றாள் அவள். “உயிரோட இருந்தப்பவும் அவன் செஞ்ச தப்பையெல்லாம் உங்க தலையிலதான் போட்டுக்கிட்டீங்க. செத்த பிறகுமா அவனுக்கு வக்காலத்து?”